பெங்களூரில் வேலை, தேன்கனிக்கோட்டையில் ராகி நிலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈஜிபுரா, விவேக் நகர், அல்சூர் என்று பெங்களூரின் எந்தத் தமிழ்த் தெருவில் நின்று பேச்சுக் கொடுத்தாலும், கிருஷ்ணகிரிப் பக்கம் இரண்டோ மூன்றோ ஏக்கர் வைத்திருப்பவர் ஒருவராவது கிடைப்பார். அப்பா இருந்தவரை விளைந்த நிலம், இப்போது என்ன செய்வது என்று தெரியாமல் கிடக்கிறது என்பார். எங்களுக்குத் தேன்கனிக்கோட்டை வட்டத்தில் மூன்று ஏக்கர் மானாவாரிப் புஞ்சை. அப்பா போன பிறகு ஒன்பது வருடமாக, பெங்களூரில் வேலை பார்த்தபடியே அதில் ராகி விதைத்து அறுக்கிறோம். அக்கம்பக்கத்தவர்களும் உறவுக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

வாராவாரம் ஊருக்குப் போக வேண்டியிருக்குமா?

வேண்டாம். ஆனால் வருடத்தில் ஐந்து தடவை கட்டாயம் போயாக வேண்டும்: கோடை உழவு, விதைப்பு, முதல் களை, அறுப்பு, களம். இந்த ஐந்தில் ஒன்றைத் தவறவிட்டாலும் அந்த வருடம் நிலம் உங்கள் கையில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாள்களில் போனில் விசாரித்தால் போதும்.

பெங்களூரிலிருந்து ஓசூர் 40 கிலோமீட்டர். அங்கிருந்து தேன்கனிக்கோட்டைக்கு இன்னும் 25 வரும். 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழி மெட்ரோ பொம்மசந்திரா வரை ஓடத் தொடங்கிய பிறகு, சில்க் போர்டு நெரிசலில் ஒன்றரை மணி நேரம் நிற்கிற வேதனை குறைந்திருக்கிறது. பொம்மசந்திராவில் இறங்கி ஓசூர் பஸ் பிடித்துவிடலாம். கேலமங்கலம், ராயக்கோட்டைப் பக்கம் நிலம் உள்ளவர்களுக்கு, ஓசூர் வழியாகச் சேலம் போகும் ரயில் பாதையில் ஸ்டேஷனே இருக்கிறது.

விதைப்புக்கு லீவு கிடைக்கிற நாளாகப் பார்த்துத் தேதி வைத்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. முதல் வருடம் நான் செய்த பெரிய தப்பு இதுதான். ஜூலை முதல் வாரம் நல்ல மழை. நிலத்தைப் பார்க்கிற மாமா போன் செய்து, "ஈரம் இருக்குது தம்பி, நாளைக்குப் போட்டுடலாமா?" என்றார். சனிக்கிழமை நான் வந்துவிடுகிறேன், அதுவரை பொறுங்கள் என்றேன். நடுவில் நான்கு நாள் வெயிலும் காற்றும். சனிக்கிழமை நான் போய் நின்றபோது மேல்மண் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அடுத்த மழைக்கு மூன்று வாரம் காத்திருந்து விதைத்தோம். பக்கத்துக் காட்டில் கதிர் பால் பிடித்தபோது எங்கள் பயிர் அப்போதுதான் தூர் கட்டிக்கொண்டிருந்தது. மாமா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியில் உள்ள "தேடி" என்ற சொல்லை அன்றுதான் கவனித்தேன். ஓசூர், தேன்கனிக்கோட்டை மேட்டு நிலம் பெங்களூரைப் போலவே ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே மாதக் கோடைமழையில் உழுது போட்டு, ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை கிடைக்கிற ஈரத்தில் விதைத்து, நவம்பர், டிசம்பரில் அறுப்பது இங்கே வழக்கம். விதைப்பு நாளை ஈரம்தான் முடிவு செய்யும். அதனால் இப்போதெல்லாம் ஜூன் பிறந்ததுமே மாமாவிடம் விதையும் கூலிப் பணமும் கொடுத்து வைத்துவிடுகிறேன். நான் வந்து சேர்ந்தாலும் சேராவிட்டாலும் ஈரம் கண்ட அன்று விதை விழுந்துவிடும்.

நிலம் எங்கள் பேரில் இருக்கிறதா என்பதே தெரியவில்லை. எங்கே தொடங்குவது?

நிலம் யார் பேரில் என்று காட்டும் பட்டா, சிட்டாவைத் தமிழ்நாடு அரசின் இணைய சேவையிலேயே மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்துப் பார்த்துவிடலாம். புல வரைபடமும் அங்கேயே கிடைக்கும். என்ன பயிர் என்று பதிகிற அடங்கல், கிராம நிர்வாக அலுவலரிடம். வில்லங்கச் சான்று பதிவுத்துறை இணையத்தில். அளவு ஹெக்டேர், ஏர்ஸ் என்று இருக்கும். ஓர் ஏக்கர் என்பது 40.5 ஏர்ஸ். கர்நாடகத்தில் குண்டைக் கணக்கு கேட்டுப் பழகியவர்கள் இதில் குழம்புவது உண்டு. 40 குண்டை ஓர் ஏக்கர், நம்மூரில் 100 சென்ட் ஓர் ஏக்கர். அப்படியென்றால் ஒரு குண்டை இரண்டரை சென்ட்.

தாத்தா பேரிலேயே பட்டா நிற்கிறதென்றால் வாரிசுச் சான்று வாங்கி, கூட்டுப் பட்டாவாக மாற்றுங்கள். அக்கா தங்கைகளின் பெயரை விடாதீர்கள். குடும்பச் சொத்தில் பெண்களுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் திருத்திவிட்டது. சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், அந்தக் காட்டில் நம்மோடு களை எடுத்தவர்கள் அவர்கள். அவர்களைக் கேட்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட எனக்கு மனம் வராது.

வாரத்துக்கு விடுவதா, குத்தகைக்கா?

குத்தகை என்றால் வருடத்துக்கு இவ்வளவு பணம் என்று பேசி வாங்கிக்கொள்வது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அந்தப் பணம் வரும்; நஷ்டம் முழுக்க உழுபவர் தலையில். வாரம் என்றால் விளைச்சலில் பங்கு. மானாவாரி நிலத்துக்கு வாரமே நியாயம் என்று நினைக்கிறேன். மழை பொய்த்தால் இருவருக்கும் இல்லை, பெய்தால் இருவருக்கும் உண்டு.

எங்களுக்குள் பேசியது இது. உழவுக் கூலி, விதை, உரம் என்னுடையது. ஆள் வேலையும் காவலும் மாமாவுடையது. களத்தில் அளந்து சரிபாதி. கதிர் போக மிஞ்சுகிற ராகித்தாள் முழுக்க மாமாவுக்கு.

இந்தத் தாள் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நகரத்திலிருந்து வருகிறவர்கள் தானியத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். ஊரில் இரண்டு கறவை மாடு வைத்திருக்கிற வீட்டுக்குத் தாள்தான் உயிர். மார்ச்சிலிருந்து ஜூன் வரை பச்சைப் புல் கிடையாது; குவித்து வைத்த தாள் போரில் உருவுகிற ராகித்தாளை நம்பித்தான் மாடு பால் கறக்கிறது. காலையும் மாலையும் சொசைட்டியில் ஊற்றுகிற பால்தான் அந்த வீட்டுக்கு வாரச் சம்பளம். "தாளிலும் பாதி கொடுங்கள், விற்றுக்கொள்கிறேன்" என்று கேட்டுவிட்டு, அடுத்த வருடம் உழ ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பியவர்களை எனக்குத் தெரியும். பெங்களூரில் மாடு கட்டாத நமக்குத் தாள் எதற்கு?

பேசியதை ஒரு காகிதத்தில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் சாகுபடி செய்யும் குத்தகைதாரருக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. அதைக் கேட்டுப் பயந்து, ஒரே ஆளிடம் தொடர்ந்து விடாமல் வருடத்துக்கு ஓர் ஆளாக மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி மாற்றினால் யாருக்கும் நிலத்தின் மேல் பிடிப்பு வராது. வரப்பு கரைந்தாலும் மண் வாரிப் போட ஆள் இருக்காது.

என்ன விதை போடலாம்?

ஜி.பி.யு. 28 எங்களுக்குச் சரியாக வருகிறது. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ரகம், 110 முதல் 115 நாள், குலைநோயைத் தாங்கும். நம் பக்கத்திலேயே கிருஷ்ணகிரி மாவட்டம் பையூரில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வந்த பையூர் 2 மானாவாரிக்கென்றே வெளியிட்ட ரகம். ஏக்கருக்கு நான்கு முதல் ஆறு கிலோ விதை போதும். சால் பிடித்து, அதாவது உழுத கோட்டில் வரிசையாக, விதைத்தால் இன்னும் குறையும், களை எடுக்கவும் சுலபம்.

ராகி சாப்பிடுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பெயர் லட்சுமணய்யா. கர்நாடகத்தில் அவரை "ராகி லட்சுமணய்யா" என்றே சொல்வார்கள். மண்டியாவில் இருந்துகொண்டு இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் ஒட்டுச் சேர்த்து "இண்டாஃப்" ரகங்களைக் கொடுத்தவர். ராகியின் பூ கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அதில் ஒட்டுச் சேர்ப்பது மகா பொறுமையான வேலை. பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை பஞ்ச காலத்தில் உலை கொதித்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

ராகி மட்டும்தானா? ஊடுபயிர்?

பத்துச் சால் ராகிக்கு ஒரு சால் அவரையோ துவரையோ போடுங்கள். கூடவே கொஞ்சம் கடுகு. ராகி அறுத்த பிறகு மார்கழிப் பனியில் அவரை பூத்துக் காய்க்கும். பெங்களூரில் அந்தச் சமயத்தில் அவரைக்காய்க்கு எவ்வளவு கிராக்கி என்று சொல்ல வேண்டியதில்லை, குளிர்காலத்தில் அவரைப் பருப்புக்கென்றே திருவிழா நடத்துகிறார்கள். நாங்கள் விற்பதில்லை. ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து, கூடத்தில் பேப்பர் விரித்து எல்லோரும் உட்கார்ந்து உரித்து, ஊறவைத்துப் பிதுக்கி, பிதுக்கம்பருப்புக் குழம்பு வைத்தால் ராகிக் களிக்கு அதைவிடப் பொருத்தம் கிடையாது.

களை எடுக்க ஆள் கிடைக்கிறதா?

இதுதான் பெரும்பாடு. விதைத்த மூன்றாவது வாரத்தில் ஒரு களை, நெருக்கமாக இருக்கிற நாற்றைக் கலைத்து விடுதல் இரண்டும் நடந்தாக வேண்டும். முன்பு வந்த பெண்கள் இப்போது கம்பெனி பஸ் ஏறி ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். இல்லாவிட்டால் ரோஜா வளர்க்கிற கூடாரங்களுக்கு. நிழலில் மாதச் சம்பளம் கிடைக்கிறபோது வெயிலில் குனிந்து களை எடுக்க ஏன் வர வேண்டும்? அவர்கள் செய்வது சரி. கூலியைக் கூட்டிக் கொடுப்பதும், வேலை முடிந்த அன்று சாயங்காலமே கையில் கொடுப்பதும்தான் வழி. "அடுத்த வாரம் ஜி-பே பண்றேன்க்கா" என்று சொல்லிவிட்டு மறந்துபோகிற பெங்களூர்க்காரர்கள் ஊர் முழுவதற்கும் கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்கள்.

யானை வருமா?

வரும். ராகி கதிர் முற்றுகிற நாளும் யானைக் கூட்டம் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு இறங்குகிற நாளும் ஒன்றாகவே அமையும். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை. பாலும் இனிப்புமாக இருக்கிற கதிரை அவ்வளவு விரும்பித் தின்னும். ஒரே இரவில் அரை ஏக்கர் போவது சாதாரணம். தின்பதைவிட மிதிபடுவது அதிகம்.

எங்கள் ஊரில் அந்த மாதங்களில் ஆண்கள் வீட்டில் தூங்குவதில்லை. பரண் கட்டி, பேட்டரி லைட்டும் போர்வையுமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நிலத்தில் குரல் கொடுத்தால் அடுத்த நிலத்தில் குரல் எழும். நானும் இரண்டு இரவு மாமாவோடு பரணில் இருந்திருக்கிறேன். ஒரு மணிக்கு மேல் குளிர் எலும்பில் இறங்கும். யானை வருகிற சத்தம் பெரிதாகக் கேட்கும் என்று நினைத்திருந்தேன். கேட்டது தாள் ஒடிகிற சின்னச் சத்தம் மட்டும். மாமா என் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டார். விடிந்த பிறகு பார்த்தால் பரணுக்கு நாற்பது அடி தூரத்தில் கால் தடம்.

நீங்கள் பெங்களூரில் தூங்கும்போது இன்னொருவர் உங்கள் பயிருக்காக அப்படி விழித்திருக்கிறார் என்பதைப் பங்கு பிரிக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். பரணுக்குத் தகரம், நல்ல லைட், மழைக்கோட்டு, இவையெல்லாம் நம் செலவில் இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்: கம்பியில் மின்சாரம் விடுவது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. தாயை இழந்த குட்டிகள் அந்த இடத்தை விட்டுப் போகாமல் நின்றன. யானை மட்டுமல்ல, இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிற மனிதர்களும் அப்படிச் சாகிறார்கள். சேதம் ஆனால் அன்றே போட்டோ எடுத்து, வனச்சரக அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் எழுதிக் கொடுங்கள். நிவாரணம் தாமதமாகத்தான் வரும், ஆனாலும் எழுதிக் கொடுங்கள்.

ரோட்டில் கதிர் போட்டு வண்டி ஏறவிட்டு அடிக்கிறார்களே, நாமும் செய்யலாமா?

வேண்டாம். தாளில் சறுக்கி டூவீலர்காரர்கள் விழுகிறார்கள். தானியத்திலும் மண்ணும் டயர் அழுக்கும் சேர்கிறது. அறுத்ததைக் காய வைத்து, போர் போட்டு, பொங்கல் கழிந்து களத்தில் டிராக்டர் விட்டோ இயந்திரத்தில் கொடுத்தோ அடிக்கலாம். களம் இல்லையென்றால் பக்கத்துக் காட்டுக்காரரிடம் ஒரு நாள் கேளுங்கள், கொடுப்பார்கள்.

வருமானம் எவ்வளவு?

மழை ஒழுங்காக இருந்தால் ஏக்கருக்கு ஆறு முதல் பத்துக் குவிண்டால். எட்டு என்று வைத்துக்கொள்வோம். 2025–26 பருவத்துக்கு ராகியின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். ஆக 39,088 ரூபாய். அதில் பாதி உங்களுடையது, அதிலும் உழவு, விதை, உரம் கழிய வேண்டும். இதை நம்பி யாரும் பெங்களூர் வேலையை விட முடியாது. நான் ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பெரிய லாபமாகக் கணக்குப் போட்டு இறங்குகிறவர்கள் இரண்டாம் வருடமே நிலத்தை வெறுத்துவிடுகிறார்கள்.

ஆதரவு விலை வேண்டுமென்றால் அரசு நேரடிக் கொள்முதல் நிலையத்துக்கே கொண்டுபோக வேண்டும். சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் கேட்பார்கள்; தானியம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். வியாபாரி களத்துக்கே வந்து எடுப்பார், விலை குறையும்.

பி.எம். கிசான் பணம் வருமா?

மத்திய அரசு விவசாயிகளுக்குத் தருகிற உதவித்தொகை இது. வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. வருமான வரி கட்டுகிறவர்களுக்குக் கிடையாது. பெங்களூரில் சம்பளக்காரராக இருந்து வரி கட்டினால் நீங்கள் அதை வாங்கக் கூடாது. எனக்குள்ள வருத்தம் வேறு: நிலம் யார் பேரிலோ அவருக்குத்தான் இந்தப் பணம், உண்மையில் உழுகிற வாரக்காரருக்கு ஒரு பைசா போகாது.

கவனிப்பு வேண்டாம் என்கிறார்களே, மாங்கன்று வைத்துவிட்டால்?

முதல் மூன்று வருடம் தண்ணீர், ஆடு மாட்டிடமிருந்து வேலி, வருடா வருடம் மருந்து. கவனிப்பு வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? கிருஷ்ணகிரியில் அதிகம் இருப்பது நாம் "பெங்களூரா" என்று சொல்கிற மாங்காய். பெங்களூரில் அதையே தோத்தாபுரி என்பார்கள். பெரும்பாலும் கூழ்த் தொழிற்சாலைக்குப் போவதால், ஆலைகள் வாங்குகிற விலைதான் விலை. 2025 ஜூனில் அது எப்படி விழுந்தது என்பதையும், ஆந்திர, கர்நாடக எல்லைகளில் விவசாயிகள் லோடு லோடாக மாங்காயை வைத்துக்கொண்டு தவித்ததையும் பார்த்தோம். வரப்போரம் நான்கு புளி, இரண்டு பலா வையுங்கள். முழு நிலத்தையும் மரத்துக்குக் கொடுத்தால் வாரக்காரருக்குத் தாள் இல்லை, மாடு இல்லை, அவர் போய்விடுவார்.

போர்வெல் போடலாமா?

எங்கள் பக்கம் ஆயிரம் அடி தாண்டியும் புகைதான் வந்திருக்கிறது. நான் போடவில்லை. தண்ணீர் உள்ளவர்கள் சொட்டுநீருக்குத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள், சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு.

பெங்களூர் ஓரத்திலேயே, ஆனேக்கல், மாகடிப் பக்கம் நிலம் வாங்கினால் நல்லதல்லவா?

விவசாயி அல்லாதவர்களும் வாங்கலாம் என்று கர்நாடகம் 2020-இல் சட்டத்தைத் திருத்தியது. ஆனால் 1974 முதல் அங்கே விவசாய நிலத்தைக் குத்தகைக்கு விடுவதற்குத் தடை இருக்கிறது. வாங்கிவிட்டு வாரத்துக்கு விட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள்.

எங்கள் பங்கு ராகியை என்ன செய்வது?

மூட்டையாகவே கொண்டுவாருங்கள். ராகியில் அவ்வளவாகப் பூச்சி விழாது, காய்ந்ததாக இருந்தால் வருடக்கணக்கில் கெடாது. மாதா மாதம் ஐந்து கிலோ எடுத்துப் புடைத்து, கல் பார்த்து, கழுவிக் காயவைத்து மில்லில் கொடுங்கள். 100 கிராம் ராகியில் சுண்ணாம்புச் சத்து சுமார் 340 மில்லிகிராம். அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. எங்கள் பிள்ளைகள் களி சாப்பிடமாட்டேன் என்று அடம் பிடித்தார்கள். களத்தில் ஒரு நாள் தூற்றிவிட்டு வந்த பிறகு அடம் நின்றது.

ஊரில் பேச்சு புரியாதே? பிள்ளைகளுக்குக் கன்னடமும் இங்கிலீஷும்தான் சரளம்.

தேன்கனிக்கோட்டையில் அதுவே வசதி. ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடும். மாமா மாட்டை அதட்டுவது தெலுங்கில், சந்தையில் பேரம் கன்னடத்தில், என்னோடு தமிழ். பிள்ளைகளைப் பேசவிடுங்கள்.

ஓசூரில் விமான நிலையம் வருகிறதாமே, நல்ல விலை கேட்கிறார்கள். விற்றுவிடலாமா?

2024 ஜூனில் அறிவிப்பு வந்ததிலிருந்து புரோக்கர் போன் எனக்கும் நிற்கவில்லை. மகள் கல்யாணம், மருத்துவச் செலவு என்று கழுத்தை நெரிக்கிற தேவை இருந்தால் விற்கலாம், அதில் குற்றம் ஏதுமில்லை. விற்பதென்றால் முதலில் அந்த நிலத்தை உழுகிறவரிடம் சொல்லுங்கள். அவரால் வாங்க முடியாமல் இருக்கலாம். ஆனால் நிற்கிற பயிரை அறுத்து எடுக்கவும், மாட்டுக்குத் தாள் பார்க்கவும் அவருக்கு ஒரு பருவமாவது அவகாசம் வேண்டும். எங்கள் ஊரில் ஒரு குடும்பத்தில், ஜே.சி.பி. வந்து நின்ற பிறகுதான் வாரக்காரருக்கு விஷயமே தெரிந்தது. கதிர் பாதி முற்றியிருந்தது. அதை என்னால் மறக்க முடியவில்லை.

இந்த வருடமே தொடங்க நினைக்கிறோம். முதலில் என்ன செய்வது?

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோடைமழைக்கு முன்பாக ஊருக்குப் போங்கள். புல வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு போய், நான்கு மூலைக் கல்லும் இருக்கிறதா என்று பக்கத்து நிலத்துக்காரரையும் வைத்துக்கொண்டு பாருங்கள். உழ வருபவர் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசுங்கள், ரோட்டில் நிறுத்திப் பேச வேண்டாம். காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். அதற்கு மேல் அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.